கொழுந்துக் கம்பியில் ஓர் ஆள்

தோட்டத்துப் பட்டறைக்காரனிடம் யாரும் புதிய சாமான் வாங்கித் தருகிறேன் என்று சொல்வதில்லை. இருக்கிறதை வைத்து ஏதாவது செய் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் என்னிடம் வேலை பழக வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றாலும் இதற்குள் அது உங்களுக்கே புரிந்திருக்கும். பீப்பாய் வளையத்தை வளைத்துப் புல் சுரண்டி செய்தோம். மண் தோண்டுகிற அலவாங்கு உடைந்தால் அந்த இரும்பைக் காய்ச்சிக் கொக்கி அடித்தோம். மூங்கிலைப் பிளந்து நாற்றுமேட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தோம். இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று நான் சொல்லத் தேவையில்லை. கை பழகினால் தானாக வரும். செய்து முடித்த சாமானை எப்போது ஓட விடலாம், எப்போது கழற்றி வைக்க வேண்டும் என்பதுதான் லேசில் வராதது. அதைப் பற்றி ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது நான் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தேன். இன்றைக்குப் பதுளைக்கே ரயில் வந்துவிட்டது. அன்றைக்கு அப்புத்தளைக்குக்கூட வரவில்லை. காப்பியில் நோய் விழுந்து, அந்த மலைகளிலெல்லாம் தேயிலை வைத்து, கொழுந்து நன்றாக வரத் தொடங்கியிருந்த காலம். கொழுந்தைக் காயவைத்து அரைக்கும் ஸ்டோரும், பக்கத்தில் என் பட்டறையும், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயமும் ஆற்றுக்கு இந்தப் பக்கம். மேல்மலை என்று நாங்கள் சொல்லும் பகுதியும் அங்கேயிருந்த லயமும் அந்தப் பக்கம், நல்ல உயரத்தில். நடுவில் கிடுகிடு பள்ளம். அடியில் ஆறு. அதன்மேல் மரத்தடிகளால் கட்டிய ஒரு பாலம்.

மேல்மலையில் பறிக்கிற கொழுந்தெல்லாம் பெண்களின் தலையில்தான் ஸ்டோருக்கு வந்தது. சாக்கைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கி, பாலத்தைத் தாண்டி, மறுபடி இந்தப் பக்கத்து மேட்டில் ஏற வேண்டும். காலைக் கொழுந்துக்கு ஒரு நடை, மாலைக் கொழுந்துக்கு ஒரு நடை. என் மனைவி அங்கம்மாளும் அவர்களில் ஒருத்தி. ஒரு நாள் சாயங்காலம் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, இந்தக் கொழுந்துக்கு மட்டும் இறக்கை இருந்தால் எவ்வளவு நல்லது என்று சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது.

காப்பிக் காலத்தில் சில தோட்டங்களில் மலையிலிருந்து மூட்டைகளைக் கம்பியில் இறக்குவார்கள். அந்தக் கம்பிகள் கழற்றப்பட்டுப் பழைய இரும்புக்குப் போயிருந்தன. தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு பதுளைக்குப் போனேன். அங்கே பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா, கம்பிவடம் முழுவதையும் தெருவில் பிரித்துப் போடச் சொல்லி, என்னோடு கூடவே குனிந்து கையால் தடவித் தடவிப் பார்த்தார். துரு ஏறிய துண்டுகளை அவரே வெட்டி ஒதுக்கினார். மூட்டைக்குத் தாங்கும், அதற்கு மேல் தன்னைக் கேட்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மேல்மலை விளிம்பில் ஒரு பழைய மரத்தின் அடிக்கட்டையிலும், ஸ்டோர் முற்றத்தில் நட்ட கம்பத்திலும் அந்த வடத்தை இழுத்துக் கட்டினோம். பலாக்கட்டையில் நிறைய உருளைகள் கடைந்து, ஒவ்வொன்றிலும் கொக்கி தொங்கவிட்டேன். வெறும் உருளைகளைக் காலையில் மலைக்குப் போகும் பெண்கள் எடுத்துப் போவது என்று ஏற்பாடு. கொக்கியில் சாக்கை மாட்டிவிட்டால் அது தன் கனத்திலேயே பள்ளத்துக்கு மேலாக ஓடி இந்தப் பக்கம் வந்துவிடும். வருகிற வேகத்தை வாங்கிக்கொள்ள, தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்யும்போது வெட்டிப் போடுகிற மிலாறுக் குச்சிகளை முற்றத்தில் மலைபோல் குவித்து வைத்தோம். நனைந்த கொழுந்து கனமாக இருக்கும், கண்மண் தெரியாமல் ஓடிவரும் என்பதால், மழை நாளில் மேலேயிருந்து பிடித்து மெல்ல விடுவதற்கு நீளமான கயிறு ஒன்றும் திரித்து அங்கே வைத்தோம்.

முதல் சாக்கு இறங்கிய அன்று மேல்மலைப் பெண்கள் எல்லாரும் விளிம்பில் வரிசையாக நின்று பார்த்தார்கள். அது மிலாறுக் குவியலில் வந்து பொத்தென்று விழுந்ததும் அவர்கள் சிரித்த சிரிப்பு பள்ளத்தைத் தாண்டி எனக்குக் கேட்டது. அதன்பிறகு பகல் நேரத்தில் அந்த நடை மிச்சமானது. கைக்குழந்தைக்காரிகள் அந்த நேரத்தில் லயத்துக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தார்கள். என் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

அங்கம்மாளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் மருத்துவச்சிக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. லயத்தில் யாருக்குப் பிரசவம் என்றாலும் கூடப் போய் நின்று, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். நாளாவட்டத்தில் மற்றவர்கள் அவளுக்காகக் காத்திருக்கும்படி ஆகிவிட்டது. இரண்டு பக்கத்து லயங்களுக்கும் அவள்தான் மருத்துவச்சி.

அந்த வருஷம் ஐப்பசி கடைசியில் பிடித்த மழை விடவேயில்லை. மண் ஊறி, ஹல்துமுல்லை ரோட்டில் மேடு சரிந்து வண்டிப் போக்குவரத்து நின்றுவிட்டது. பதுளைக்குப் போயிருந்த துரை அங்கேயே தங்கிவிட்டார். தோட்டத்து மருந்துக்காரரும் பண்டாரவளைக்குப் போனவர் திரும்பவில்லை.

ஒரு நாள் பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் முனியாண்டி என்ற பையன் மேல்மலையிலிருந்து ஓடிவந்தான். பையன் என்கிறேன், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனவன். அவன் மனைவி செல்லாயிக்கு முந்தின நாளே வலி எடுத்து, இன்னும் பிள்ளை பிறக்கவில்லை. அங்கம்மாளைக் கூப்பிடத்தான் வந்தான். அவள் தன் பிரசவச் சாமான் மூட்டையை எடுத்துக்கொண்டு அவனோடு கிளம்பி ஆற்றங்கரைக்குப் போவதற்குள் பாலம் போய்விட்டது. அவன் தாண்டி வந்த அதே பாலம். மேலேயிருந்து அடித்துக்கொண்டு வந்த ஒரு மரம் மோதி, தடிகளெல்லாம் பிய்த்துக்கொண்டு போய்விட்டன.

சுற்றிப் போகும் வழி ரோட்டைத் தொட்டுத்தான் போகும். அங்கே மண் சரிந்து கிடந்தது. ஆறோ, யானை இறங்கினாலும் இழுத்துக்கொண்டு போகும் என்கிற மாதிரி ஓடியது. முனியாண்டி கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனை எழுப்பி ஸ்டோர் முற்றத்துக்குக் கூட்டி வந்தார்கள். அங்கே கூடியிருந்தவர்களில் யார் முதலில் அண்ணாந்து பார்த்தார்கள் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லார் கண்ணும் அந்தக் கம்பியில்தான் இருந்தது. அங்கம்மாள்தான் பேசினாள்.

“அந்தக் கயித்த மேலேருந்து விடச் சொல்லுங்க. என்னையக் கட்டி இழுக்கட்டும்.”

நான் அவளைக் கொழுந்து நிறுக்கும் தராசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாக்கு மாட்டுகிற கொக்கியில் ஒரு பலகையைக் கட்டி அதில் உட்காரச் சொன்னேன். ஸ்டோர் பொறுப்பிலிருந்த டீமேக்கர் ஐயா மரியாதைக்காக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொழுந்து பறிக்கிறவளையே கொழுந்தாக நிறுக்கிறீர்களே என்று அங்கம்மாள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கனத்தைப் பார்த்துக்கொண்டு, அதற்குமேல் இன்னும் பாதி சேர்த்துக் கல்லை அள்ளி ஒரு சாக்கில் கட்டச் சொன்னேன்.

மேல்மலையில் இருப்பவர்களோடு பேசுவது அடுத்த கஷ்டம். ஆற்றின் இரைச்சலில் கத்தினால் கேட்காது. ஒரு தகரத்தைச் சுருட்டி, வாய்ப்பக்கம் ஒடுக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் ஆணி அடித்து, அதன் வழியே கத்தினேன். மேலே, வேலையாட்களை நடத்தும் பெரிய கங்காணி இருந்தார். நல்ல நிதானமுள்ள மனிதர். விஷயத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். மழை நாளில் சாக்கைப் பிடிக்கும் அந்தக் கயிற்றின் முனையில் ஒரு கல்லைக் கட்டி, உருளையில் மாட்டிக் கம்பியில் விட்டார். அது எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. ஆட்கள் இழுக்க இழுக்க, கயிற்றின் மறுமுனை எப்போதும் அந்த அடிக்கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றியே இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவருக்குக் கேட்டதா என்று சந்தேகம் வந்து மறுபடியும் சொன்னேன். கையைத் தூக்கிக் காட்டினார்.

கல் சாக்கை மாட்டினோம். மேலே இழுத்தார்கள். முற்றத்தைத் தாண்டிப் பள்ளத்துக்கு மேலே போய், பாதி வழியில் என் பலா உருளை பிளந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை. சாக்கு அப்படியே கீழே போய்விட்டது. ஆறு அதை விழுங்கியதைக்கூட நாங்கள் பார்க்க முடியவில்லை.

முனியாண்டி என் முன்னால் வந்து நின்றான். தன்னை அனுப்பச் சொன்னான். உருளை உடைந்தால் உடையட்டும், முதலில் தான் போய்ப் பார்க்கிறேன் என்றான். கல்லுக்குப் பெற்றவர்கள் இல்லை, உனக்கு இருக்கிறார்கள், சோதிக்கிறதெல்லாம் கல்லை வைத்துத்தான் என்று சொன்னேன். அப்போதுதான் அவன் கேட்டான்.

“ஒங்க பொஞ்சாதிங்கிறதாலதானேண்ணே இவ்வளவு தயங்குறீங்க? வேற யாராவதா இருந்தா இந்நேரம் ஏத்தியிருக்க மாட்டீங்களா?”

சுற்றி நின்றவர்கள் அவனை அதட்டினார்கள். நான் அவர்களைத் தடுத்தேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி. நானும் உள்ளுக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஆமாடா, அதனாலயுந்தான்,” என்றேன். “ஆனா இவ ஆத்துல போயிட்டா ஒம் பொஞ்சாதிகிட்ட யாரு போவா? இவ ஒருத்திதான் இருக்கா. ரெண்டு பேரையும் சேத்துத்தான் நான் பாக்கணும்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிட்டான்.

பிள்ளைகளே, அவசரம் என்பது எப்போதும் நல்லவர்கள் வாயிலிருந்துதான் வரும். கெட்ட எண்ணத்தோடு யாரும் உங்களை விரட்ட மாட்டார்கள். அழுகிற புருஷன், துடிக்கிற தாய், தவிக்கிற கங்காணி, இவர்கள்தான் விரட்டுவார்கள். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். அதற்காகக் கையில் இருக்கிற வேலையில் ஒன்றைக்கூடத் தாண்டாதீர்கள்.

மழையில் ஊறிய மர உருளை இனி ஆகாது. இரும்புக் கப்பி வேண்டும். தோட்டத்தில் நல்ல இரும்புக் கப்பி இருந்தது ஓரிடத்தில்தான். கொழுந்துச் சாக்கை ஸ்டோரின் மேல்தட்டுக்குத் தூக்குகிற பாரந்தூக்கியில் இரண்டு கப்பிகள் இருந்தன. அதைக் கழற்றினால் கீழே கிடக்கும் கொழுந்து மேலே போகாது, புழுங்கிக் கெட்டுப்போகும். துரை வந்தால் டீமேக்கர் ஐயாதான் பதில் சொல்ல வேண்டும். நான் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். இந்தக் கப்பி தாங்குமா என்று ஒன்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரிந்த வரையில் தாங்கும் என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே ஏணியில் ஏறித் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு கப்பிகளையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஒரு இரும்புப் பட்டையில் இணைத்தேன். ஒன்று கைவிட்டாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். கங்காணி வேறோர் உருளையில் கயிற்றை மறுபடி இறக்கிவிட்டார். இந்த முறை இன்னும் கனமான சாக்கு. மேலே போனது. திரும்பி இறங்கியது. மறுபடி மேலே போனது. இறங்கி வந்ததும் கப்பியைத் தொட்டுப் பார்த்தேன். அச்சாணி லேசாகத் தேய்ந்திருப்பது தெரிந்தது. அதை உருவிவிட்டுப் புது ஆணி போட்டேன். இன்னும் ஒரு முறை அனுப்பிப் பார்க்கலாம் என்று கல் சாக்கைத் தூக்கச் சொன்னேன். அங்கம்மாள் அதன்மேல் கையை வைத்தாள். அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்திருந்தாள்.

“போதுங்க. ஒங்க வேலைய நீங்க பாத்துட்டீங்க. என் வேலைக்கு நேரம் ஓடிக்கிட்டிருக்கு. இதுக்கு மேல போனா நான் போயும் பிரயோசனமில்ல.”

அவள் தொழிலில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். என் தொழிலில் இன்னும் எதைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். புது ஆணியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நானே அடித்த ஆணி. கல் சாக்கை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டேன்.

பலகையில் அவளை உட்கார வைத்து, இடுப்பிலும் மார்பிலும் கயிற்றைச் சுற்றிக் கப்பிப் பட்டையோடு சேர்த்துக் கட்டினேன். முடிச்சை இறுக்கும்போது வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். பெட்டியில் இருக்கிற அரிசியில் பூச்சி விழுந்திருக்கிறது, புடைக்காமல் உலையில் போட்டுவிடாதீர்கள் என்றாள். தன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் தகரத்தை வாயில் வைத்து இழுக்கச் சொன்னேன்.

அவள் கால்கள் தரையை விட்டு எழும்பின. முற்றத்தின் விளிம்பைத் தாண்டினாள். அதற்குப் பிறகு நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. என் கையில் கயிறு இல்லை, சுத்தியல் இல்லை. வெறும் தகரம்தான் இருந்தது. நம் தொழிலில் ரொம்பக் கஷ்டமான நேரம் அதுதான். எல்லாம் செய்து முடித்த பிறகு சும்மா நின்று பார்க்கிற நேரம்.

பாதி வழி தாண்டியதும் மேலே இழுத்தவர்களில் ஒருவன் சேற்றில் வழுக்கி விழ, அவன்மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். பலகை பின்னால் ஓடிவந்தது. பள்ளத்தின் நட்ட நடுவில் வெடுக்கென்று நின்றது. கங்காணி அடிக்கட்டையில் போட்டிருந்த அந்த ஒரு சுற்று பிடித்துக்கொண்டது. காற்றில் பலகை மெல்லச் சுழன்றது. அவள் எங்கள் பக்கம் திரும்பி, பிறகு மறுபக்கம் திரும்பினாள். முனியாண்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் விரல்கள் பதிந்த இடம் ரொம்ப நேரம் வலித்தது. மேலே ஆட்கள் எழுந்தார்கள். கயிறு மறுபடி இறுகியது. அவள் போய்ச் சேர்ந்தாள். பெண்கள் அவளைக் கட்டவிழ்த்து லயத்தின் பக்கம் அழைத்துக்கொண்டு ஓடுவது தெரிந்தது.

நல்லபடியாக முடிந்தால் விளிம்பில் சிவப்புத் துணி கட்டச் சொல்லியிருந்தேன். ஆனால் மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கி மேல்மலையே மறைந்துவிட்டது. துணி கட்டினாலும் தெரியாது. முனியாண்டி தானும் போக வேண்டும் என்று கேட்டான். கப்பிகளும் பலகையும் மேலே இருக்கின்றன, இப்போது ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னேன். இரண்டு பேரும் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அவரவர் மனைவி அந்தப் பக்கம். டீமேக்கர் ஐயா தேத்தண்ணீர் கொடுத்தனுப்பினார். அவன் குடிக்கவில்லை.

வெளிச்சம் மங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கம்பி அதிர்ந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சாக்கு ஓடிவந்து மிலாறுக் குவியலில் விழுந்தது. முனியாண்டி எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சாக்கை அவிழ்த்தேன். உள்ளே சிவப்புத் துணியில் ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் கற்கண்டு.

அதை அவன் கையில் வைத்தேன். அவன் அதைத் தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பிடித்துக்கொண்டே அழுதான். பிறகு எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தான்.

மறுநாள் காலையில் மூட்டம் விலகியது. அங்கம்மாள் விளிம்புக்கு வந்து, துணியில் சுற்றிய குழந்தையை இரண்டு கையிலும் தூக்கிக் காட்டினாள். பெண் பிள்ளை என்று கங்காணி கத்திச் சொன்னார். செல்லாயியும் நலமாக இருந்தாள். அவ்வளவு தூரத்தில் குழந்தை ஒரு கொழுந்துப் பொட்டலம் அளவுதான் தெரிந்தது. முனியாண்டி கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஓட விடுவது ஒரு முடிவு. உங்களுக்கு நான் சொல்ல வந்த இரண்டாவது முடிவு, கழற்றி வைப்பது, அதற்குப் பிறகுதான் வந்தது. கங்காணி கப்பியையும் பலகையையும் இறக்கி அனுப்பினார். அது முற்றத்தில் வந்து நின்றது. நேற்று ஒரு பெண் பத்திரமாகப் போன பலகை. அதைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். முனியாண்டியை அனுப்புவது என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளையைப் பெற்றவன் பார்க்க வேண்டாமா என்றார்கள். அங்கே மாட்டிக்கொண்டவர்களில் சிலர் இந்தப் பக்கம் வர வேண்டும், அங்கம்மாளையும் அதிலேயே கொண்டுவந்துவிடலாம் என்றார்கள். ஆறு வடிய எத்தனை நாள் ஆகுமோ என்றார்கள்.

நான் முற்றத்துக் கம்பத்தின் அடியைப் போய்ப் பார்த்தேன். ஊறிய மண்ணில் கம்பம் ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்து, பின்பக்கம் மண் பிளந்திருந்தது. நேற்று இழுத்த இழுப்பில் வந்ததா, மழையில் வந்ததா, தெரியாது. இன்னொரு ஆளைத் தாங்கியிருக்குமா என்பதும் தெரியாது. ஒருவேளை தாங்கியிருக்கும். முனியாண்டி அன்றைக்கே தன் பிள்ளையை மடியில் வைத்திருப்பான். இன்றுவரை அது எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நேற்று இரண்டு உயிர் தொங்கிக்கொண்டிருந்தது, அதனால் சந்தேகத்தோடு ஓட்டினோம். இன்று எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், ஆசைதான் மிச்சம். ஆசைக்காக ஓட்டினால் நாளைக்குப் பொழுதுபோக்குக்காக ஓட்டுவார்கள். என்றைக்காவது ஒருவர் ஆற்றில் போகிற வரைக்கும் அது நிற்காது.

கப்பிகளைக் கழற்றி டீமேக்கர் ஐயாவிடம் கொடுத்தேன். பலகையைக் கோடாலியால் பிளந்து பட்டறை அடுப்பில் போட்டேன். கம்பத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, இனி லேசான சாக்கு மட்டும்தான் என்று தகரத்தில் கத்தினேன். முனியாண்டி என் முகத்தையே பார்க்கவில்லை. மேலே விளிம்பில் அங்கம்மாள் நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் வருகிற வழியை நானே பிளந்து அடுப்பில் போடுவதும் அவளுக்குத் தெரிந்தது. கையை ஒரு தரம் உயர்த்தினாள். பிறகு லயத்தின் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். கோபமா, சரி என்றாளா, எனக்கு விளங்கவில்லை.

அன்று மத்தியானம் கம்பி அதிர்ந்தது. சாக்குக்குள் ஒரு தூக்குச்சட்டி. உள்ளே சோறும் கருவாட்டுக் குழம்பும். இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்கு இருந்தது. யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. நான் முனியாண்டியைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் வராமல் நின்றான். பிறகு வந்து உட்கார்ந்தான். ஒரே சட்டியில் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் சட்டியை அவன்தான் கழுவினான்.

ஆறு வடிகிற வரைக்கும் தினமும் ஒரு சட்டி வந்தது. மேலே இழுக்கிற கயிற்றையும் அன்றே அவிழ்த்துவிட்டதால், கம்பி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குத்தான் ஓடும். இங்கிருந்து அவளுக்கு ஒரு வெற்றிலைகூட அனுப்ப எனக்கு வழியில்லை. கழுவிய சட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்தேன். மேல்மலைப் பெண்கள் ஒவ்வொருவரும் தங்கள் சட்டியை இரவல் கொடுத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

துரை பதுளையிலிருந்து வந்ததும் நடந்ததையெல்லாம் கேட்டார். கம்பத்தின் அடியைத் தாமே குனிந்து பார்த்தார். அடுத்த வெயில் காலத்தில் ஆற்றுக்குக் கல் தூண் வைத்த பாலம் வந்தது. கொழுந்துக் கம்பி அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது. அதில் கொழுந்து மட்டும்தான் போனது.

ஆறு வடிந்த அன்று முனியாண்டி விடிந்ததும் முதல் ஆளாக இறங்கிப் போய்விட்டான். அங்கம்மாள் இரண்டு பெண்களைக் கைபிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தாள். நான் கரையில் நின்று கை கொடுத்து ஏற்றினேன். வீட்டுக்கு நடக்கும்போது, பலகையைப் பிளந்ததில் உனக்கு வருத்தமா என்று கேட்டேன். அதை நீங்கள் செய்யாமல் இருந்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன், அதில் மறுபடி ஏறச் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன் என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு அவ்வளவு தைரியமாக ஏறினாயே என்றேன். அவள் நனைந்த சேலைக் கரையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

“ஏறும்போது பயமே இல்லீங்க. நடுவுல நின்னுச்சு பாருங்க, அப்பக்கூட ஆத்தப் பாத்து நான் பயப்படல. பலகை சுத்திச்சா, அப்ப ஒங்க மூஞ்சி தெரிஞ்சிச்சு. அதப் பாத்துத்தான் பயந்துட்டேன்.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. அவள் என் கப்பியைப் பார்த்து ஏறவில்லை. ஆணியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? என் முகத்தைப் பார்த்துத்தான் ஏறினாள். நீங்கள் செய்கிற ஏணியில் ஏறுகிறவர்களும், நீங்கள் கட்டுகிற பாலத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறவர்களும் அப்படித்தான். அதற்காக முகத்தை மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்லி நான் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டேன். முகம் தானாகத் தெளிகிற வரைக்கும் வேலையைப் பாருங்கள். பிறகு அவர்களை ஏறச் சொல்லுங்கள்.